பழைய லாரி எஞ்சினில் கிராங்க் புல்லியைக் கழற்றி மாட்டுவது எப்படி

பழைய லாரி எஞ்சினில் முன்பக்க ஆயில் சீல் ஒழுகினாலும், டைமிங் கியரையோ செயினையோ பார்க்க வேண்டியிருந்தாலும், முதலில் வெளியே வர வேண்டியது கிராங்க் புல்லிதான், அதாவது கிராங்க் ஷாஃப்டின் முன் முனையில் இருந்து பெல்ட்டை ஓட்டும் சக்கரம். பல வருடங்களாக யாரும் தொடாத புல்லி என்றால் லேசில் அசையாது. அதற்காகச் சுத்தியலைத் தூக்க வேண்டாம். இந்த வேலையில் எவ்வளவு பலம் கொடுக்கிறோம் என்பதைவிட, எங்கே கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். இழுத்தாலும் தள்ளினாலும் விசை நடுவில் இருக்கும் ஹப்பில்தான் விழ வேண்டும், விளிம்பில் விழக் கூடாது. கீழே பல இடங்களில் இதையே திரும்பச் சொல்லியிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எஞ்சினில் இருப்பது எது?

கழற்ற ஆரம்பிக்கும் முன் ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு புல்லியை நன்றாகப் பாருங்கள். வார்ப்பிரும்பிலோ தகட்டிலோ செய்த வெறும் புல்லியாக இருக்கலாம். அல்லது அதிர்வைக் குறைக்கும் டேம்பராக இருக்கலாம். டேம்பர் என்றால் நடுவில் ஹப், அதைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம், அதற்கு வெளியே கனமான இரும்பு வளையம் என மூன்று பாகம் தெரியும். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் மிக நுண்ணிய அளவில் முறுக்கிக்கொண்டு திரும்பவும் நேராகிறது. இந்த முறுக்கல் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்தால் கிராங்க்கே உடையக்கூடும். வெளி வளையமும் ரப்பரும் சேர்ந்துதான் அதைத் தணிக்கின்றன. நீளமான கிராங்க் உள்ள ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சின்களில் இதற்கு அதிக வேலை. ஆகவே டேம்பர் இருந்த இடத்தில் வெறும் புல்லியைப் போட்டு ஓட்டலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்து, அது எதனால் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். சிலவற்றில் நடுவில் ஒரு பெரிய போல்ட். கைப்பிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் காலத்து எஞ்சின்களில், அந்தக் கைப்பிடி மாட்டுவதற்குப் பல் வெட்டிய ஒரு பெரிய நட்டு. இன்னும் சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. செவ்ரோலெயின் 216, 235 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் கிராங்க் முனையில் மரையே வெட்டப்பட்டிருக்காது. டேம்பர் இறுக்கத்தால் மட்டுமே உட்கார்ந்திருக்கும். போல்ட் எங்கே என்று அழுக்கைச் சுரண்டித் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இடம் பண்ணிக்கொள்ளுங்கள்

பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கீழே படுத்து வேலை செய்ய வேண்டுமென்றால் வண்டி உறுதியான ஸ்டாண்டில் நிற்க வேண்டும். ஜாக்கியை நம்பிப் படுக்கக் கூடாது.

ரேடியேட்டரைக் கழற்றுவதா வேண்டாமா என்று பலர் யோசிப்பார்கள். கழற்றிவிடுங்கள். தண்ணீரை வடித்து, மேல் கீழ் ஹோஸைப் பிரித்து, நான்கைந்து போல்ட்டை எடுப்பதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அதை மிச்சம் பிடிக்கப் போய், புல்லருக்கு (புல்லியை இழுத்துக் கழற்றும் கருவி) இடமில்லாமல் கோணலாக மாட்டி, ரேடியேட்டர் குழாய்களையும் நசுக்கிக்கொள்வது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லை. ஃபேன், பெல்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பெல்ட்டைத் தளர்த்த டைனமோவின் போல்ட்டை இளக்க வேண்டும், புல்லியின் மேல் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பக் கூடாது. சில லாரிகளில் சேஸியின் முன் குறுக்குச்சட்டம் சரியாகப் புல்லிக்கு எதிரே வரும். அப்படியானால் முன்பக்க எஞ்சின் மவுண்டிங்கைக் கழற்றி, ஆயில் சம்ப்புக்கு அடியில் அகலமான மரக்கட்டை வைத்து ஜாக்கியால் எஞ்சினைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கும். தூக்கும்போது ஹோஸ், வயர், கியர் லீவர், எக்ஸாஸ்ட் குழாய் எதுவும் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவதற்கு முன் முதல் சிலிண்டரை டாப் டெட் சென்டருக்கு (பிஸ்டன் மிக மேலே நிற்கும் நிலை) கொண்டுவந்து, டைமிங் குறியும் அதைக் காட்டும் முள்ளும் எப்படி நிற்கின்றன என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிராங்க்கைச் சுற்றும்போது எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். முன்னால் நின்று பார்த்தால் பெரும்பாலான எஞ்சின்களில் அது கடிகாரம் சுற்றும் திசை. குறியைச் சில எஞ்சின்களில் புல்லியில் தேடிப் பயனில்லை, அது பின்னால் ஃப்ளைவீலில் இருக்கும்.

நட்டை இளக்குவது

முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை நட்டின் மரையிலும், ஹப்பும் கிராங்க்கும் சேரும் இடத்திலும் அடித்து வைத்துவிடுங்கள். காலையில் இன்னொரு முறை. டேம்பராக இருந்தால் ரப்பர் மேல் அடிக்காதீர்கள், எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப்போகும்.

நட்டுக்கு அடியில் மடக்கிவிட்ட பூட்டு வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எஞ்சின்களில் நிறைய இருக்கும், கிரீஸ் அழுக்குக்குள் கண்ணுக்கே தெரியாது. அதன் மடிப்பை உளியால் மெதுவாகத் தட்டி நேராக்காமல் நட்டு சுற்றாது. மரை பெரும்பாலும் வழக்கமான வலது மரைதான். ஆனாலும் உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்புங்கள்.

நட்டைத் திருப்பினால் கிராங்க்கும் கூடவே சுற்றும், அதைத் தடுக்க வேண்டும். எளிய வழி, கியரைப் போட்டுவிட்டு ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்வது. இங்கே எல்லோருக்கும் ஃபர்ஸ்ட் கியரில் போடத்தான் கை போகும். டாப் கியரில் போடுங்கள். ஃபர்ஸ்ட் கியரில் உங்கள் திருப்புவிசை பல மடங்கு பெருகிச் சக்கரத்துக்குப் போகும்; பிரேக் அத்தனையையும் தாங்க வேண்டும். டாப் கியரில் அந்தப் பெருக்கம் குறைவு, அதனால் பிரேக் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் வழுக்கினால் இந்த வழி உதவாது. அப்போது ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, அந்த வழியாக ஃப்ளைவீலின் பற்களில் ஒரு பூட்டுக் கருவியை மாட்ட வேண்டும்.

நீளமான பிரேக்கர் பாரையும், நட்டில் ஆட்டமில்லாமல் உட்காரும் ஆறு பக்க சாக்கெட்டையும் பயன்படுத்துங்கள். சீராக அழுத்திக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் 'டக்' என்று இளகும். இம்பாக்ட் ரெஞ்ச் இருந்தால் இன்னும் சுலபம், கிராங்க்கைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியமும் அநேகமாக இருக்காது. கைப்பிடிப் பல் உள்ள நட்டை உளி வைத்து அடித்துத் திருப்பும் பழக்கம் உண்டு. பல் சிதையும், வார்ப்பாக இருந்தால் உடையும். அளவுக்கேற்ற பெரிய சாக்கெட்டைத் தேடிப் பிடியுங்கள்.

ஸ்பேனரைச் சேஸியில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டினால் நட்டு கழன்றுவிடும் என்றும் சொல்வார்கள். கழலும், உண்மைதான். தவறிப்போய் எஞ்சின் ஸ்டார்ட் ஆனால் அந்த ஸ்பேனர் எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பேட்டரி கேபிளை முதலிலேயே கழற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

புல்லர் மாட்டுவது

நட்டை எடுத்தபின், தகட்டுப் புல்லி தனியாக மூன்று நான்கு சின்ன போல்ட்டில் டேம்பரோடு சேர்த்துப் பிடித்திருந்தால் அதை முதலில் கழற்றிவிடுங்கள். அதன் பின்னால் ஹப்பில் மரை வெட்டிய இரண்டு அல்லது மூன்று துளைகள் தெரியும். புல்லரின் போல்ட்டுகள் இந்தத் துளைகளில்தான் ஏற வேண்டும்.

மூன்று நகம் உள்ள புல்லர்தான் பலரிடம் இருக்கும். அதை விளிம்பில் மாட்டி இழுத்தால் தகட்டுப் புல்லி வளையும், வார்ப்பிரும்புப் புல்லி ஒரு துண்டாகப் பெயர்ந்து வரும், டேம்பர் என்றால் ரப்பர் கிழிந்து வெளி வளையம் மட்டும் கையோடு வரும். பழைய எஞ்சினுக்கு மாற்று டேம்பர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அதன் பிறகுதான் தெரியவரும். ஹப்பின் பின்பக்கத்தை நேராகப் பிடிக்க முடிந்தால் மட்டும் நகப் புல்லரைப் பயன்படுத்தலாம்.

போல்ட்டுகள் உயர் வலிமை கொண்டவையாக இருக்கட்டும். மெட்ரிக்கில் 10.9 என்று தலையில் குறித்திருக்கும். அங்குல அளவில் கிரேடு 8, தலையில் ஆறு கோடுகள் இருக்கும். பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் எஞ்சின்களில் துளைகள் அங்குல மரையாகத்தான் இருக்கும். மெட்ரிக் போல்ட்டை வலிந்து திருகினால் ஹப்பின் மரை போய்விடும். விரலால் சுலபமாகத் திருகிப் போகிறதா என்று பாருங்கள். போல்ட்டின் விட்டம் எவ்வளவோ அந்த ஆழமாவது உள்ளே இறங்கியிருக்க வேண்டும். அதற்காக ஹப்பைத் தாண்டிப் பின்னால் போய் டைமிங் கவரைக் குத்தவும் கூடாது.

புல்லரின் நடு ஸ்க்ரூ கிராங்க் முனையில் நேரடியாக முட்டக் கூடாது. முனையில் மரை இருந்தால் அதன் வாய் நசுங்கிவிடும், அப்புறம் போல்ட் ஏறாது. மரைக்குள் ஒரு பழைய போல்ட்டைத் திருகிவைத்து அதன் தலையில் முட்டுங்கள். புல்லி வெளியே வர அந்தத் தலை தடையாக இல்லாத அளவில் தேர்ந்தெடுங்கள். மரை இல்லாத முனைக்குத் தடித்த இரும்பு வில்லை ஒன்று போதும்.

இப்போது ஸ்க்ரூவின் மரையில் எண்ணெய் விட்டு இறுக்குங்கள். புல்லரின் தட்டுக்கும் ஹப்புக்கும் உள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று அடிக்கடி அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறைந்தால் நிறுத்தி, போல்ட்டைச் சரிசெய்துவிட்டுத் தொடருங்கள். கோணலாக இழுத்தால் ஹப் முனையைக் கடித்துக்கொள்ளும். ரொம்ப இறுகி அசைய மறுத்தால், இறுக்கின நிலையிலேயே விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே ஊடுருவ நேரம் கிடைக்கும். திரும்பி வந்து கால் சுற்று இறுக்கினால் பல சமயம் சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும். அந்த நேரத்தில் புல்லருக்கு நேர் எதிரே முகத்தை வைத்திருக்க வேண்டாம்.

வெறும் இரும்புப் புல்லியாக இருந்தால் ஹப்பைச் சுற்றிலும் சீராகச் சூடு காட்டலாம். அதற்கு முன் வழிந்த எண்ணெயையெல்லாம் துடைத்துவிடுங்கள். பெட்ரோல் பம்ப்பும் குழாயும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று பார்த்து, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் ஆயில் சீல் வெந்துபோகும், அதை எப்படியும் மாற்றத்தான் போகிறோம். டேம்பருக்கு நெருப்பு கூடவே கூடாது.

ஹப்பில் துளையே இல்லையென்றால், நடுப்புள்ளியிலிருந்து சம தூரத்தில் இரண்டு துளை போட்டு மரை வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டும் சரியாக எதிரெதிராக வர வேண்டும். டிரில்லிங் ஆழத்தைப் பிட்டில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பிறகு பார்க்க வேண்டியவை

அரை நிலா வடிவத்தில் ஒரு சின்னச் சாவி கிராங்க்கின் பள்ளத்தில் இருக்கும். புல்லி வெளியே வரும்போது இது நழுவி விழுந்து காணாமல் போவது வழக்கம், முதலில் அதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அதன் ஓரம் மழுங்கியோ படி விழுந்தோ இருந்தால் புதிது போடுங்கள். ஹப் கிராங்க்கோடு சேர்ந்து சுற்றுவது முக்கியமாக இறுக்கத்தால்தான். சாவி அதைச் சரியான இடத்தில் உட்காரவைக்கிறது. சாவி சிதைந்திருந்தால் புல்லி தளர்ந்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் பள்ளமும் அகன்றிருக்கலாம், அதை விட்டுவிட்டுப் புதுச் சாவி மட்டும் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

ஹப்பின் வெளிப்பரப்பில், ஆயில் சீலின் உதடு உரசும் இடத்தில் ஒரு வளையக்கோடு தெரியும். அதன் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுப்பட்டால் புது சீல் போட்டாலும் எண்ணெய் ஒழுகும். இதற்கென்றே மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ்கள் கிடைக்கின்றன; சுமார் கால் மில்லிமீட்டர் தடிமன்தான், ஹப்பின் மேல் தட்டி ஏற்றினால் புதிய வழவழப்பான பரப்பு கிடைத்துவிடும். சீலின் அளவை மாற்ற வேண்டியதில்லை.

பெல்ட் பள்ளத்தையும் பாருங்கள். வி பெல்ட் பக்கச் சுவர்களில்தான் பிடிக்க வேண்டும், அடியைத் தொடக் கூடாது. பள்ளத்தின் அடி பளபளவென்று இருந்தால் சுவர்கள் தேய்ந்துவிட்டன, புல்லியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. டேம்பரில் ரப்பர் வெடித்திருக்கிறதா, வெளி வளையம் முன்னே பின்னே நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளையம் சுற்றுவாக்கில் நழுவியிருந்தால் அதிலுள்ள டைமிங் குறியும் பொய் சொல்லும். இல்லாத இக்னிஷன் கோளாறைத் தேடி நாள் கணக்கில் அலைய வேண்டியதுதான். நல்ல டேம்பராக இருந்தால் ஹப், ரப்பர், வளையம் மூன்றின் குறுக்கே ஒரே நேர்க்கோடாக வெள்ளைப் பெயிண்ட் அடித்து வையுங்கள். பின்னாளில் கோடு முறிந்திருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

மாற்றுப் புல்லி வாங்கும்போது வண்டியின் மாடலைச் சொல்லி வாங்காதீர்கள். பழைய லாரிகளில் எஞ்சின் எத்தனை முறை மாறியதோ யாருக்குத் தெரியும்! பிளாக்கில் இருக்கும் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து விட்டம், துளை, பள்ளத்தின் அகலம், பின்முகத்திலிருந்து பள்ளம் இருக்கும் தூரம், டைமிங் குறியின் இடம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய எஞ்சின்களில் அகலமான பெல்ட் ஓடும்; கிராங்க்கில் மட்டும் குறுகிய பள்ளம் உள்ள புல்லியைப் போட்டால் தண்ணீர் பம்ப் புல்லியும் டைனமோ புல்லியும் அதோடு சேராது.

சீலும் கவரும்

பழைய சீலைத் தட்டி எடுத்துவிட்டு, புதியதை அதன் வெளி விட்டத்துக்குச் சமமான குழாய்த் துண்டையோ தட்டையான கட்டையையோ வைத்து நேராக அடித்து ஏற்றுங்கள். உதடு எஞ்சினின் உள்பக்கம் பார்க்க வேண்டும். கயிறு அல்லது ஃபெல்ட் வகை சீலாக இருந்தால் முதலில் எஞ்சின் ஆயிலில் ஊறவையுங்கள்.

டைமிங் கவரைக் கழற்றியிருந்தால் இதைக் கவனியுங்கள்: பல பழைய எஞ்சின்களில் கவரைச் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் பின் (குச்சி போன்ற சின்ன ஊசி) எதுவும் கிடையாது. கவர் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் சீலின் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்துவிடும். போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி விட்டு, ஹப்பைச் சீலுக்குள் ஏற்றி, கவர் தானாக நடுவுக்கு வந்த பிறகு இறுக்குங்கள். புது சீல் போட்டும் ஒழுகுகிறது என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த ஒன்றைத்தான் விட்டிருப்பார்கள்.

திரும்ப மாட்டுவது

கிராங்க் முனையை நுண்ணிய எமரி பேப்பரால் சுற்றுவாக்கில் தேய்த்துத் துருவை எடுங்கள். பள்ளத்தின் ஓரத்தில் பிசிறு இருந்தால் அரத்தால் லேசாக நீவிவிடுங்கள். வெட்டுத் தூள் சீலுக்குள் போகாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். இறுக்கத்தில் உட்காரும் வகைக்கு, முனையின் விட்டத்தையும் ஹப்பின் துளையையும் மைக்ரோமீட்டரால் அளந்துவிடுவது நல்லது. துளை பொதுவாக அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.025 மி.மீ. சிறியதாக இருக்கும். கையால் தள்ளினால் தொளதொளவென்று போகும் புல்லியை மாட்டவே வேண்டாம்.

அந்தச் சின்ன அளவுக்காகச் சுத்தியல் தேவையில்லை, கொதிநீர் போதும். 35 மி.மீ. துளையுள்ள இரும்பு ஹப்பை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் துளை கிட்டத்தட்ட 0.025 மி.மீ. விரியும். கணக்கு சரியாகப் பொருந்துகிறது, இல்லையா? ரப்பருக்கும் இந்தச் சூட்டில் சேதம் வராது. கொதிநீரில் நன்றாக ஊறவைத்து, கையுறையோடு எடுத்து, துளையை உடனே துடைத்து, முனையில் மெல்லிசாக எண்ணெய் தடவி ஏற்றுங்கள். அதற்கு முன் சாவியைப் பள்ளத்தில் மட்டமாக உட்காரவையுங்கள், சீலின் உதட்டில் எஞ்சின் ஆயில் தடவுங்கள், ஹப்பின் சாவிப் பள்ளத்தில் துளியளவு சிலிக்கான் சீலண்ட் வையுங்கள். எண்ணெய் சாவிப் பள்ளம் வழியாகக் கசிந்து வெளியே வருவதுண்டு; சீல்தான் போய்விட்டது என்று தோன்றும்.

முழுதும் ஏறாமல் பாதியில் நின்றால், இழுத்து ஏற்றும் கருவி வேண்டும்: கிராங்க்கின் மரைக்குள் முழு ஆழத்துக்குத் திருகிய ஒரு மரைக்கம்பி, அதன் மேல் தடித்த வாஷர், ஒரு த்ரஸ்ட் பேரிங் (அச்சுவாக்கில் வரும் அழுத்தத்தைத் தாங்கும் பேரிங்), நட்டு. நட்டைத் திருப்பத் திருப்ப ஹப் உள்ளே போகும். புல்லியைப் பிடிக்கும் போல்ட்டை வைத்தே இழுத்துவிடலாம் என்று தோன்றும். ஆரம்பத்தில் அது நாலைந்து மரையைத்தான் பிடித்திருக்கும், அவ்வளவு விசையை அவை தாங்காமல் உருவிக்கொண்டு வந்துவிடும். கிராங்க்கில் மரை போனால் எஞ்சினை இறக்கும் அளவுக்கு வேலை வந்துவிடும்.

சுத்தியலால் அடித்து ஏற்றினால் அந்த அடி கிராங்க் வழியாக நேரே எஞ்சினுக்குள் இருக்கும் த்ரஸ்ட் பேரிங்கில் இறங்கும், டேம்பரின் ரப்பரும் பிய்யும். கிராங்க் முனையில் மரை இல்லாத எஞ்சின்களுக்கு, ஹப்பில் மட்டும் உட்காரும் தடித்த குழாய்க் கருவியை வைத்துத் தட்டி ஏற்றுவதுதான் அந்தக் காலத்து முறை. எஞ்சினை முழுதாகப் பிரிக்கும் வாய்ப்பு வந்தால் கிராங்க் முனையில் துளையிட்டு மரை வெட்டி, ஒரு போல்ட் வைத்துப் பிடிப்பது நல்ல மாற்றம். எஞ்சின் வண்டியில் இருக்கும்போதே கை டிரில்லால் அதை முயல்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். துளை கோணலாகிவிட்டால் திருத்த வழியில்லை.

போல்ட்டை டார்க் ரெஞ்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். வேறு எஞ்சினின் அளவைக் கடன் வாங்காதீர்கள். மரைக்கு எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறதா, உலர்ந்து இருக்கச் சொல்லியிருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் இட்ட மரையில் அதே டார்க் அளவுக்கு இறுக்கம் அதிகமாக விழும். பூட்டு வாஷர் இருந்தால் புதியதைப் போட்டு மடக்குங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன்

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கும் உரசக் கூடாது, டைமிங் முள்ளுக்கும் புல்லிக்கும் இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். மூன்று புல்லிகளின் பள்ளங்களும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று நேரான பட்டை ஒன்றை வைத்துப் பாருங்கள். பெல்ட்டை மாட்டி, நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 12 மி.மீ. உள்ளே போகும் அளவுக்கு இழுத்து வையுங்கள். ரேடியேட்டரை மாட்டித் தண்ணீர் நிரப்புங்கள். கடைசியில் பேட்டரி.

ஐட்லிங்கில் ஓடவிட்டுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் நேராக நிற்காதீர்கள். புல்லி தலையாட்டாமல் சுற்ற வேண்டும். டைமிங் லைட்டால் இக்னிஷன் நேரத்தைச் சரிபாருங்கள். டேம்பரை மாற்றியிருந்தால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் குறியின் இடம் கொஞ்சம் மாறியிருக்கலாம். எஞ்சின் சூடேறியபின் சீலைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், ஈரம் இருந்தால் அப்போதே தெரியும். எஞ்சின் நன்றாக ஆறியபின் டார்க் ரெஞ்சைப் போல்ட்டில் இன்னொரு முறை வைத்துப் பார்த்துவிடுங்கள். புதுப் பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே கொஞ்சம் தளரும், அதை ஒரு தடவை திரும்ப இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும்.